ஒரு வார இதழைப் பட்டினி போட்ட கதை: மிசிசிப்பியும் ஹேசல் பிரானன் ஸ்மித்தும்

‘லெக்சிங்டன் அட்வர்டைசர்’ என்ற வார இதழை யாரும் தடை செய்யவில்லை. தணிக்கை அதிகாரி வரவில்லை, அச்சகத்துக்குச் சீல் வைக்கவில்லை, ஆசிரியரை நாடு கடத்தவில்லை. பத்திரிகைச் சுதந்திரத்துக்கு அமெரிக்க அரசியல் சட்டம் தரும் உத்தரவாதம் மிசிசிப்பி மாநிலத்துக்கும் உண்டு. ஆனாலும் 1964இல் அமெரிக்கப் பத்திரிகைத் துறையின் உயரிய விருதான புலிட்சர் பரிசு வாங்கிய அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் ஹேசல் பிரானன் ஸ்மித், 1985இல் திவாலாகிப் பத்திரிகையை மூடினார். குடியிருந்த வீடும் வங்கிக்குப் போனது.

கறுப்பினத்தவரை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைத்த அமெரிக்கத் தென் மாநிலங்களின் இனப்பிரிப்பு என்றதும் தீவைத்த சிலுவைகளும் வெள்ளை முக்காடு போட்ட கு க்ளக்ஸ் க்ளான் கும்பலும்தான் நினைவுக்கு வரும். அவையெல்லாம் நடந்தன. ஆனால் அந்த அமைப்பை அன்றாடம் தாங்கிப் பிடித்தது வேறொன்று: உன் வருமானம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி. ஹேசலின் வாழ்க்கையில் அது வெட்டவெளிச்சமாகத் தெரிகிறது.

இவர் புரட்சிக்காரராகத் தொடங்கியவர் இல்லை. 1914இல் அலபாமாவின் கேட்ஸ்டன் நகரத்துப் பக்கம் பிறந்தார். பள்ளி முடித்ததும் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் சேர்ந்து செய்தியும் எழுதினார், கமிஷனுக்கு விளம்பரமும் பிடித்தார். பத்திரிகைத் தொழிலை வரவு செலவிலிருந்து கற்றுக்கொண்டவர் என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1935இல் அலபாமா பல்கலைக்கழகத்தில் இதழியல் பட்டம். மறு வருடமே, இருபத்திரண்டு வயதில், 3,000 டாலர் கடன் வாங்கி மிசிசிப்பியின் ஹோம்ஸ் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) ‘டூரன்ட் நியூஸ்’ என்ற நொடித்துப்போன வார இதழை வாங்கினார். நான்கே வருடத்தில் கடன் அடைந்தது. 1943இல் அதே கவுண்டியின் தலைநகரான லெக்சிங்டனிலிருந்து வந்த ‘அட்வர்டைசர்’ இதழையும் வாங்கினார். பெரிய தொப்பியும் நாகரிக உடையும் போட்டுக்கொண்டு கூரை மடக்கும் காடிலாக் காரில் வலம் வந்த இந்த இளம்பெண் முதலாளியை ஊர் வியப்போடும் கொஞ்சம் செல்லத்தோடும்தான் பார்த்தது.

ஹோம்ஸ் கவுண்டியைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மேற்குப் பாதி மிசிசிப்பி டெல்டாவின் சமவெளி, பருத்தித் தோட்டங்கள். கிழக்கில் குன்றுகள், லெக்சிங்டனும் டூரன்ட்டும் அந்தப் பக்கம். 1960இல் கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 27,000. அதில் நூற்றுக்கு எழுபதுக்கும் மேல் கறுப்பினத்தவர். வாக்காளர் பட்டியலில் இருந்த கறுப்பினத்தவரை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரும்பாலானவர்கள் வெள்ளையரின் நிலத்தில் விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரக் குத்தகைக்கு உழுதார்கள் அல்லது வெள்ளையர் வீடுகளில் வேலை பார்த்தார்கள்.

இந்த ஏற்பாட்டில் ஹேசலுக்கு அப்போது பெரிய மனக்குறை இல்லை. 1948 தேர்தலில் இனப்பிரிப்பைக் காப்பதற்கென்றே ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்த டிக்சிக்ராட் அணியை ஆதரித்தார். 1954 மே 17இல் பள்ளிகளில் இனப்பிரிப்பு சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோதும் தனித்தனிப் பள்ளிகளே இரு தரப்புக்கும் நல்லது என்ற பக்கம்தான் நின்றார். இதை மழுப்பி, அவர் பிறவியிலேயே சமத்துவப் போராளி என்பதுபோல் எழுதுவது பிழை. மழுப்பினால் கதையின் முக்கியமான முடிச்சும் போய்விடும்: இவ்வளவு மிதமான ஒருவரையே அந்த ஊர் ஏன் பொறுக்கவில்லை?

சட்டம் என்று ஒன்று இருந்தால் அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக நம்பினார். அவ்வளவுதான். ‘ஹேசலின் கண் வழியே’ என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தி எழுதிவந்தார். 1940களில் அதில் அடி வாங்கியவர்கள் கள்ளச்சாராயக்காரர்களும் சூதாட்டக்காரர்களும், அவர்களைக் கண்டும் காணாமல் விட்ட ஷெரிஃப்களும் (கவுண்டியின் காவல் தலைவர்கள்) தான். மிசிசிப்பி அப்போது மதுவிலக்கு மாநிலம். (விலக்கப்பட்ட அந்தச் சரக்குக்கு மாநில அரசே வரி வசூலித்தது என்பது தனி வேடிக்கை.) 1946இல் லியோன் மெக்கேட்டீ என்ற கறுப்பினத்தவரைச் சாகும்வரை அடித்த வழக்கு லெக்சிங்டன் நீதிமன்றத்தில் நடந்தது. வழக்கு நடக்கும்போதே அவருடைய மனைவியிடம் பேட்டி எடுத்ததற்காக ஹேசல் மேல் நீதிமன்ற அவமதிப்புக் குற்றம் சுமத்தி, நீதிபதி தண்டனையும் விதித்தார். குற்றம்சாட்டப்பட்ட வெள்ளையர்கள் விடுதலையானார்கள். அப்போதும் ஊர் ஹேசலைப் பகைக்கவில்லை. கொஞ்சம் துடுக்கான பெண், அவ்வளவுதான்.

1949இல் உலகைச் சுற்றும் கப்பல் பயணம் போனபோது கப்பலின் கணக்கு அதிகாரி வால்ட்டர் ஸ்மித்தைச் சந்தித்தார். அடுத்த வருடம் கல்யாணம். ‘ஸ்மிட்டி’ என்று எல்லோரும் கூப்பிட்ட அவர் கடல் வேலையை விட்டுவிட்டு வந்து, கவுண்டி மருத்துவமனையின் நிர்வாகியானார்.

திருப்பம் 1954 ஜூலையில் வந்தது. ஷெரிஃப் ரிச்சர்ட் பர்ட், சாலையோரம் நின்றுகொண்டிருந்த கறுப்பினத்தவர்கள் சிலரிடம் வண்டியை நிறுத்தினார். ஹென்றி ராண்டில் என்ற 27 வயது இளைஞரிடம், என்ன கூச்சல் போடுகிறாய் என்று கேட்டு அடித்தார். ஓடு என்றார். ஓடியவரின் தொடையில் சுட்டார்.

ஹேசல் முதலில் விசாரித்து இதைச் செய்தியாகப் போட்டார். அடுத்த இதழில் முதல் பக்கத்திலேயே தலையங்கம். பணக்காரர் ஏழை, வெள்ளையர் கறுப்பர் என்று பாராமல் சட்டம் எல்லோருக்கும் பொது. இப்படி நடந்துகொண்ட ஷெரிஃப் பதவி விலக வேண்டும் என்று எழுதினார். ஷெரிஃப் 57,500 டாலர் கேட்டு அவதூறு வழக்குப் போட்டார். உள்ளூர் ஜூரி 10,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 1955இல் மிசிசிப்பி உச்ச நீதிமன்றமே அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. அவர் எழுதியது அடிப்படையில் உண்மை என்றது.

ஆக, சட்டப்படி ஹேசல் ஜெயித்தார். இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வேண்டும். அவதூறு வழக்கு என்பது அன்றைய தென் மாநில அதிகாரிகளின் கைக்கு அடக்கமான ஆயுதம். அலபாமாவின் மாண்ட்கமரி நகர ஆணையர் சல்லிவன் ‘நியூயார்க் டைம்ஸ்’ மேல் போட்ட வழக்கில் ஜூரி 5 லட்சம் டாலர் விதித்தது. 1964 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தபோதுதான், பொது அதிகாரிகளை விமர்சிக்கும் பத்திரிகைகளுக்கு வலுவான பாதுகாப்பு வந்தது. ஹேசல் வழக்காடியது அதற்குப் பத்து வருடங்கள் முன்பு, அந்தக் கவசம் எதுவும் இல்லாமல். ஆனால் நீதிமன்றத்தில் அவரை வீழ்த்த முடியாது என்று தெரிந்ததும் எதிர்த்தரப்பு வேறு வழியைப் பிடித்தது.

அந்த வழியின் பெயர் வெள்ளையர் குடிமக்கள் மன்றம். பள்ளித் தீர்ப்பு வந்த சில வாரங்களில், 1954 ஜூலையில், மிசிசிப்பியின் இண்டியனோலா நகரில் தொடங்கிய அமைப்பு. சீக்கிரமே ஹோம்ஸ் கவுண்டிக்கும் வந்தது. உறுப்பினர்கள் வங்கி மேலாளர்கள், கடைக்காரர்கள், வக்கீல்கள், தோட்ட முதலாளிகள். முக்காடு போட மாட்டார்கள். கோட்டு சூட்டில் கூட்டம் போடுவார்கள். பள்ளி ஒருங்கிணைப்பு வேண்டும் என்று மனுவில் கையெழுத்துப் போட்ட கறுப்பினத்தவருக்கு வேலை போகும், குத்தகை போகும், விதைக்குக் கடன் கிடைக்காது. மாற்றிப் பேசும் வெள்ளையருக்கும் இதே மருந்துதான். மன்றத்தில் சேரச் சொல்லி ஹேசலிடமும் கேட்டார்கள். மறுத்தார். அந்த அமைப்பு கறுப்பினத்தவரை மட்டும் மிரட்டுவதோடு நிற்காது, வெள்ளையரும் வாய் திறக்க முடியாத நிலை வரும் என்று எழுதவும் செய்தார். அது அவர் விஷயத்திலேயே பலித்தது.

முதல் அடி கணவர் மேல் விழுந்தது. 1956 ஜனவரியில் ஸ்மிட்டியை மருத்துவமனை நிர்வாகி பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். அவர் வேண்டும் என்று மருத்துவர்கள் எழுதிக் கொடுத்தும் பயனில்லை. அவர் வேலையில் குறை ஏதும் சொல்லவில்லை. மனைவி சர்ச்சைக்குரியவர் ஆகிவிட்டாராம், அதுதான் காரணம்.

அடுத்தது பத்திரிகையின் வயிறு. அந்தக் காலத்து ஊர் வார இதழ் எதில் பிழைத்தது என்று பார்த்தால்தான் இது புரியும். சந்தாவில் வருவது சொற்பம். மளிகைக் கடை, ஜவுளிக் கடை, கார் விற்பனையாளர், வங்கி ஆகியோர் வாராவாரம் தரும் விளம்பரம்தான் சோறு போடும். அதற்குத் துணை, சட்டப்படி பத்திரிகையில் வெளியிட்டே ஆக வேண்டிய அரசு அறிவிப்புகள்: ஏலம், டெண்டர், வரி பாக்கி நிலப் பட்டியல். கையில் அச்சு இயந்திரம் இருப்பதால் அழைப்பிதழ், ரசீதுப் புத்தகம் போன்ற ஜாப் வேலையும் வரும். இவற்றில் கடைக்காரர்கள் கையில் ஒன்று, கவுண்டி நிர்வாகத்தின் கையில் ஒன்று. இரு தரப்பிலும் இருந்தது மன்றத்து ஆட்கள். சந்தாதாரர் ஆயிரம் பேர் பத்திரிகையை விரும்பினாலும் சரி, பத்து விளம்பரதாரர்கள் கைவிட்டால் முடிந்தது.

வெறும் புறக்கணிப்பு நீடிக்காது. கடைக்காரருக்கும் விளம்பரம் தேவை. அதனால் மன்றத்துக்கு வேண்டியவர்கள் பங்கு சேர்த்து 1950களின் இறுதியில் ‘ஹோம்ஸ் கவுண்டி ஹெரால்டு’ என்று போட்டிப் பத்திரிகையே தொடங்கினார்கள். அதை நடத்த ஹேசலிடம் வேலை பார்த்தவரையே இழுத்துக்கொண்டார்கள். விளம்பரங்கள் அங்கே போயின. கவுண்டியின் அறிவிப்புகளும் அச்சு வேலைகளும் பின்னாலேயே போயின. ஊரில் பல கடைக்காரர்களுக்கு ஹேசல் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. அட்வர்டைசரில் தன் கடைப் பெயர் வந்தால் தன் கடைக்கும் ஆள் வராது என்ற பயம்தான். இந்த ஏற்பாட்டின் சூட்சுமமே அதுதான். யாரும் வில்லனாக இருக்க வேண்டியதில்லை.

1960இல் ஹாலோவீன் இரவில் அவர் வீட்டு முற்றத்தில் எட்டடிச் சிலுவை ஒன்று எரிந்தது. வைத்தவர்கள் ஊர்ப் பையன்கள். ஹேசல் வெளியே ஓடிப்போய் அவர்கள் காரின் நம்பர் பிளேட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார் என்று சொல்வார்கள். பின்வாங்குகிற குணம் அவருக்கு இல்லை.

மாநில அரசும் சும்மா இருக்கவில்லை. 1956இல் சட்டமன்றம் உருவாக்கிய மிசிசிப்பி மாநில இறையாண்மை ஆணையம் மக்கள் வரிப்பணத்தில் இனப்பிரிப்பு எதிர்ப்பாளர்களை வேவு பார்த்தது. குடிமக்கள் மன்றத்துக்கும் பணம் கொடுத்தது. வருமானத்துக்கு வேலை தேடிக்கொண்டிருந்த ஹேசல், 1961இல் மாநிலத் தலைநகர் ஜாக்சனிலிருந்து கறுப்பினத்தவர் நடத்திய ‘மிசிசிப்பி ஃப்ரீ பிரஸ்’ வார இதழை அச்சடித்துக் கொடுக்க ஒப்புக்கொண்டார். உள்ளூர் அச்சு வேலை கிடைக்காமல் செய்ததே அவரை இந்தப் பக்கம் தள்ளியது. மெட்கர் எவர்ஸ் உள்ளிட்ட கறுப்பினத் தலைவர்களோடு அவரைப் பார்த்ததாக ஆணையத்தின் ஆள் அறிக்கை எழுத, அது லெக்சிங்டனில் கைக்குக் கை போய்ச் சேர்ந்தது. ஆணையத்தின் கோப்புகள் 1998இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டன. அவர் பெயரும் அவற்றில் இருக்கிறது.

இதற்கிடையே அவருடைய எழுத்தும் மாறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சம்பவமும் அவரை ஒரு படி தள்ளியது. 1963இல் இரண்டு நடந்தன. ஜூனில், மனநல சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியிருந்த கறுப்பின முன்னாள் படைவீரர் ஆல்ஃபிரட் பிரவுனை லெக்சிங்டன் போலீசார் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். அநியாயக் கொலை என்று ஹேசல் எழுதினார். மறுபடியும் அவதூறு வழக்கு. அதற்கு முந்தைய மாதம் ஹார்ட்மன் டர்ன்போ என்ற விவசாயியின் வீட்டில் பெட்ரோல் குண்டு வீசினார்கள். அதிகாரிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? தன் வீட்டுக்குத் தானே தீ வைத்துக்கொண்டதாக டர்ன்போவையே கைது செய்தார்கள். அதையும் ஹேசல் வெளுத்து வாங்கினார்.

டர்ன்போவின் கதையை ஹேசலின் கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. 1963 ஏப்ரலில் லெக்சிங்டன் நீதிமன்றப் படியேறி வாக்காளராகப் பதிய வந்த பதினான்கு கறுப்பினத்தவரில் முன்னால் நின்றவர் அவர். வந்தவர்களில் பெரும்பாலானோர் மைல்ஸ்டன் பகுதி விவசாயிகள். அங்கே அதிபர் ரூஸ்வெல்ட்டின் அரசு பழைய தோட்டங்களை வாங்கிப் பிரித்து, ஏறத்தாழ நூறு கறுப்பினக் குடும்பங்களுக்குத் தவணை முறையில் சொந்த நிலமாகக் கொடுத்திருந்தது. பக்கத்துத் தோட்டத்து வாரக் குடியானவரை முதலாளி ஒரே நாளில் கிளப்பிவிடலாம். மைல்ஸ்டன்காரரைக் கிளப்ப முடியாது. டெல்டாவில் வாக்குரிமை இயக்கம் அந்த மண்ணில் சட்டென்று வேர்பிடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம். கல்லூரி படித்த, வெள்ளைத்தோல் பத்திரிகை முதலாளியை முடக்கிய ஆயுதம், நாற்பது ஐம்பது ஏக்கர் வைத்திருந்த கறுப்பின விவசாயியிடம் செல்லவில்லை. அதனால்தான் அவரிடம் குண்டோடு போனார்கள்.

1964 மே மாதம் தலையங்கத்துக்கான புலிட்சர் பரிசு ஹேசலுக்கு அறிவிக்கப்பட்டது. அந்தப் பிரிவில் வென்ற முதல் பெண் அவர்தான். அந்தச் சமயம் அவர் கடன் 80,000 டாலரைத் தாண்டியிருந்தது. ஆகஸ்டில், ஜாக்சனில் அவர் நடத்திய ‘நார்த்சைடு ரிப்போர்ட்டர்’ அலுவலகத்தில் வெடிகுண்டு வெடித்தது. பரிசு வெளியூரில் புகழ் கொடுத்தது, லெக்சிங்டனில் ஒரு விளம்பரத்தைக்கூடத் திரும்பக் கொண்டுவரவில்லை. ஹாடிங் கார்ட்டர், ரால்ஃப் மெக்கில் போன்ற தென் மாநிலப் பத்திரிகை ஆசிரியர்கள் அவருக்காக நிதி திரட்ட உதவினார்கள். ஹோம்ஸ் கவுண்டிக் கறுப்பின மக்களும் 1965இல் பாராட்டு நாள் வைத்துத் தங்களிடம் இருந்ததைச் சேர்த்துக் கொடுத்தார்கள். சொற்பொழிவு ஆற்றப் போனார், மரம் வெட்டி விற்றார், சொத்தை அடமானம் வைத்தார்.

இதே காலத்தில் மிசிசிப்பியில் மாறுபட்டு எழுதிய மற்ற வெள்ளை ஆசிரியர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தால் ஹேசலின் நிலை இன்னும் விளங்கும். கார்ட்டர் நடத்தியது டெல்டாவின் பெரிய ஊரான கிரீன்வில்லில் ஒரு நாளிதழ். விளம்பரச் சந்தை பெரிது, ஊர்ப் பிரமுகர்களின் துணையும் இருந்தது. அவர் தாக்குப்பிடித்தார். பாஸ்ககூலாவில் ஐரா ஹார்க்கி, ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் சேரும் உரிமையை ஆதரித்து எழுதி 1963இல் புலிட்சர் வாங்கினார். அதே வருடம் பத்திரிகையை விற்றுவிட்டு மாநிலத்தை விட்டே போனார். பெட்டல் என்ற சிற்றூரில் பி. டி. ஈஸ்ட் தன் பத்திரிகையில் இனவெறியர்களைக் கிண்டலடித்தே உள்ளூர் வாசகர்களை இழந்து, வெளி மாநிலச் சந்தாக்களில் காலம் தள்ளினார். ஹேசல் விற்கவும் இல்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. உள்ளூர்ப் பத்திரிகையாகவே, உள்ளூர்க்காரராகவே இருப்பேன் என்றார். இந்த வழிகளில் இதுதான் மிகவும் செலவு பிடித்தது.

சரி, எல்லாப் பழியையும் மன்றத்தின் தலையில் போட்டுவிடலாமா? முழுக்க முடியாது. அவருக்குப் பணத்தைக் கட்டிக்காக்கத் தெரியவில்லை. கடன் கழுத்தை நெரித்த வருடங்களிலும் ‘ஹேசல்வுட்’ என்று வெள்ளைத் தூண்கள் வைத்த பழைய தோட்ட மாளிகை பாணி வீட்டை ஆசையாகக் கட்டினார், அலங்கரித்தார். அடிமைக்கால முதலாளிகளின் வீட்டு வடிவத்தை, அவர்களின் பேரப்பிள்ளைகளோடு மல்லுக்கு நின்றவர் தேர்ந்தெடுத்தது விந்தைதான். ஆனால் எனக்கு அது முரணாகப் படவில்லை. தென்னகத்தை வெறுத்து அவர் எழுதவில்லை. தன்னை அந்த ஊரின் சீமாட்டியாகவே கடைசிவரை நினைத்தார். ஊர்தான் தவறு செய்கிறது என்று நினைத்தார்.

1967இல் ஹோம்ஸ் கவுண்டி மக்கள் ராபர்ட் கிளார்க்கை மிசிசிப்பி சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் பின் அந்த அவையில் உட்கார்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். அதே வருடம் மாநில செனட்டுக்குப் போட்டியிட்ட ஹேசல் தோற்றார். வெள்ளையர் வாக்கு அவருக்கு எட்டாக் கனி. கறுப்பினத்தவருக்கோ இனி அவர் இடையில் நின்று பேச வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. 1970களின் பிற்பகுதியில் கறுப்பின இயக்கத்தினர் லெக்சிங்டன் கடைகளைப் புறக்கணித்தபோது ஹேசல் அதை எதிர்த்து எழுதினார். புறக்கணிப்பு என்ற ஆயுதம் என்ன செய்யும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? ஆனால் இம்முறை அதைக் கையில் எடுத்தவர்கள் வேறு, காரணம் வேறு. அந்த வேறுபாட்டை அவர் போதுமான அளவு கணக்கில் எடுக்கவில்லை என்றே நினைக்கிறேன். கடைசியில் இருந்த வாசகர்களும் விலகினார்கள்.

1980களின் தொடக்கத்தில் ஸ்மிட்டி வீட்டில் ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். ஹேசலுக்கு ஞாபகமறதி வரத் தொடங்கியது. 1985இல் அட்வர்டைசர் நின்றது, ஹேசல்வுட்டை வங்கி எடுத்துக்கொண்டது. அலபாமாவுக்கு உறவினரிடம் திரும்பினார். பின் டென்னஸியில் முதியோர் பராமரிப்பு இல்லத்தில் 1994 மே மாதம், எண்பது வயதில் காலமானார். அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அவர் வாழ்க்கையை வைத்து எடுத்த படம் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. லெக்சிங்டனில் ‘ஹோம்ஸ் கவுண்டி ஹெரால்டு’ தொடர்ந்து வெளிவந்தது, கவுண்டியின் அறிவிப்புகளையும் ஏல நோட்டீஸ்களையும் சுமந்துகொண்டு.